பேரெழுதாத கேசட்

மேலப்பாளையத்துக் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்துக்கு ஆண் கேமராக்காரன் போக முடியாது. அதனால்தான் எனக்குக் கேமரா கிடைத்தது. திறமையைப் பார்த்து ஒருத்தரும் தரவில்லை. வீடியோக் கடை அகமது மீரானுக்குப் பெண்களைப் படம் பிடிக்க ஒரு பொம்பளை வேண்டும். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கேமரா வேண்டும். அவ்வளவுதான்.

முக்கூடலில் எங்கள் தெருவில் பட்டம் வாங்கின முதல் ஆள் நான். அம்மா பீடி சுற்றிப் படிக்கவைத்தாள். அதற்கு மேலும் பாளையங்கோட்டையில் வீடியோப் படிப்பில் சேர்ந்தபோது, "கல்யாண வீட்டுல படம் புடிக்கவா இம்புட்டுப் படிச்ச" என்று கேட்டாள். கடைசியில் அங்கேதான் போய் நின்றேன். அவள் வாய்முகூர்த்தம்.

பரீட்சைக்குப் பத்து நிமிஷப் படம் ஒன்று எடுக்க வேண்டும். 'புறப்பாடு' என்று தலைப்புக் கொடுத்தவர் குமரகுருபரன் சார். நன்றாக வருகிற ஒரே ஒரு படம் சென்னைக்குப் போகும், எடுத்தவருக்கு அங்கே ஒரு டிவி கம்பெனியில் வேலை. சார் முதல் நாளே எல்லாரிடமும் அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்தவர். வயல் வேலை என்றேன். "அப்போ கிராமியமா ஏதாவது எடும்மா" என்றார். என் படத்தில் ஒரு வயலோ மாடோ வரக் கூடாது என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

ஊரைத்தான் எடுத்தேன். எப்போது விட்டுத் தொலைப்போம் என்று இருந்த இந்த ஊரை. எடிட் பண்ண மிஷின் கிடையாது, படம் எந்த வரிசையில் ஓட வேண்டுமோ அதே வரிசையில் எடுத்தாக வேண்டும். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் "அம்பை, பாபநாசம்" என்று தொண்டை கிழியக் கூப்பிடுகிற கண்டக்டர். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம். கொக்கிரகுளத்துப் படித்துறையில் துணி அடிக்கிற சத்தம். கடைசியில் ஆற்றுப் பாலத்தில் ரயில். அதற்கு மட்டும் நாலு ஞாயிறு காத்துக் கிடந்தேன். கடைசிப் பெட்டி போன பிறகும் கேமராவை நிறுத்தவில்லை. பாலம் சும்மா நிற்கிறது, கீழே தண்ணீர்ச் சத்தம். போனது யார் என்று படத்தில் இல்லை. நான்தான், வேறு யார்?

பேர் எதுவும் பிடிக்காததால் கேசட் மேல் ஒன்றும் எழுதவில்லை.

ரயிலை எடுத்த அன்றைக்குச் சாயங்காலமே மீரான் அண்ணன் என்னை ஹமீது பீவி அக்கா வீட்டுக்கு அனுப்பினார். அவள் புருஷன் கனி துபாயில் இருந்தார், போய் மூன்று வருஷம். வீட்டைப் படம் பிடித்து, லீவு முடிந்து துபாய் திரும்புகிற பயணக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். புதுசாகப் போட்ட கிரில் கதவை எடுத்தேன். பிள்ளை ஓதுவதை எடுத்தேன். அக்கா நிலைப்படியில் வந்து நின்றாள். ஏதாவது பேசுங்கக்கா என்றேன்.

"என்னத்தப் பேச? அங்க ஒரு ரூமுல பத்து ஆம்பளைய உக்காந்துல்லா பாப்பாக."

கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ கேட்க வாயெடுத்து, வேண்டாம் என்று விட்ட முகம். எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை. கடைசியில் அவளே போதும் என்று கையைக் காட்டினாள்.

மீரான் அண்ணன் கடையில் ஒரு சட்டம் உண்டு. வீட்டுப் பெண்கள் இருக்கிற கேசட்டில் பேர் எழுதக் கூடாது, பேரைப் பார்த்துக் கண்டவன் எடுத்துப் போட்டுவிடுவான். ஆகவே என் பையில் பேரெழுதாத கேசட் இரண்டு. பயணக்காரரிடம் ஒன்றைக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் கடையில் என் படத்தைப் போட்டுப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட் வரவில்லை, கிரில் கதவு வந்தது. மீரான் அண்ணன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பொம்பளைய கேசட்டுலதான எழுதாதன்னு சொன்னேன். ஒன் கேசட்டுல எழுதுறதுக்கு ஒனக்கு என்ன வந்திச்சி?"

காப்பி எடுக்கிற மிஷின் ரிப்பேருக்குப் போயிருந்ததால் வேறு பிரதியும் இல்லை. திங்கட்கிழமை படம் கொடுக்க வேண்டும்.

அவர் தொழுகைக்குப் போன பிறகு அந்தக் கேசட்டை மறுபடி போட்டேன். என் படத்தைவிட நன்றாக இருந்தது. ரயிலும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம், அந்த நிலைப்படி போதும். இதைக் கொடுத்தால் சார் வாயைத் திறக்க மாட்டார், வேலை எனக்குத்தான். எடுத்தவளும் நான்தானே. கேசட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்ததும் கனி பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணுவார் என்று தெரியும், போனேன். அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். வைவாள் என்று பார்த்தால் சிரித்தாள். "அதான பாத்தேன். பொண்டாட்டியக் காங்கலியே, பாலத்தக் காங்குதேன்னு போன வாட்டி கேலி பண்ணுனாக." போன் வந்தது. அவள் பேசிவிட்டு, "எடுத்த புள்ள இங்கனதான் நிக்கா" என்று என்னிடம் கொடுத்தாள்.

அது என் பரீட்சைப் படம், உடனே அனுப்புங்கள் என்று கறாராகச் சொன்னேன்.

"குடுத்துவுடுதேம்மா, ஆளு கெடைக்கட்டும்" என்றார். "ரூமுல ராதாபுரத்துப் பய ஒருத்தன் கெடக்கான். ரயிலு போன பொறவு தண்ணிச் சத்தம் வருதுல்லா, அதத்தான் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லுதான். இப்பமும் மொதல்லேருந்து அதத்தான் போட்டுக்கிட்டு இருக்கான்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஏம்மா," குரல் இறங்கிப்போய்க் கேட்டார். "எங்க வீட்டுக் கேசட்டு ஒங்கிட்டதான இருக்கு? வேற யாரும் பாக்கலியே?"

அக்கா தன் வீட்டுக் கிரில் கதவு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கேசட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தேன். முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

"யாரும் பாக்கல" என்றேன். "பாக்கவும் மாட்டாக."

"சரிம்மா" என்றார். போனில் அந்த ரூம்தான் கேட்டது. யாரோ இருமினார்கள். டிவிப் பெட்டியிலிருந்து, கடலுக்கு அந்தப் பக்கமிருந்து, அம்பை, பாபநாசம் என்று கண்டக்டர் கூப்பிட்டார். டவுன் பஸ்ஸில் கால் மணி நேரத்தில் போய்விடுகிற பஸ் ஸ்டாண்ட்தான். எனக்கு அங்கே போக வேண்டும்போல் இருந்தது, போகவே முடியாத ஊர் மாதிரி. துணி அடித்தார்கள். பாலம் அதிர ஆரம்பித்தது.

"வேற என்னம்மா, வைக்கட்டா?" என்றார் கனி.

"ரயிலு போவட்டும், அண்ணாச்சி" என்றேன். "வச்சிராதிய."