நடந்து வந்த தகர வீடு

விஜயநகரில் அஞ்சலையின் தகர வீடு ஒரு வியாழக்கிழமை காலை தானாகவே எழுந்து நடந்து, மகள் காவேரி படிக்கும் பள்ளிக்கூடத்தை ஒட்டிய காலி மனையில் போய் நின்றுகொண்டது. உள்ளே அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

ஜூடித் டீச்சர் எழுதச் சொல்லிக்கொடுத்த விதம்தான் இதற்குக் காரணம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஜீவிதா என்பவர் எழுதி வரைந்த படப்புத்தகங்களை ஒன்றுவிடாமல் ஒரு மாதம் வாசித்துக் காட்டினார். எல்லாவற்றிலும் இவர் என்ன செய்கிறார் என்று கேட்டார். நகராத ஏதோ ஒன்று நடக்கும், வழியில் ஓரிடத்தில் நிற்கும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். அதையே நீங்களும் செய்து பாருங்கள் என்றார். பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டி தோசை தின்னப் போனதாக மெர்வின் எழுதினான். மறுநாள் தொட்டி பள்ளி கேட் அருகே இருந்தது, மூடியில் சட்னி. பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயை நீட்டிக்கொண்டார்கள்.

காவேரி மட்டும் எழுதவில்லை. அப்பா முனிராஜ் வேலை பார்த்த அடுக்குமாடிக் கட்டடம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தகரக் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த வேலைக்கு ஓசூர் போகவேண்டும். ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடங்களைப் பாதியில் விட்டவள்.

“எனக்கு எழுத வராது மிஸ்.”

“ஜீவிதா மேடம் என்ன பண்ணுவாங்க, சொல்லு.”

“நகராததை நடக்க வைப்பாங்க.”

“உனக்கு எது நடக்கணும்?”

காவேரி பள்ளியில் கற்ற கன்னட எழுத்தில், வீட்டில் பேசும் தமிழ் வார்த்தைகளாக ஒரு பக்கம் எழுதினாள். எங்க வீடு ஸ்கூல் பக்கத்துல போய் நின்னுச்சு, அம்மா சோறு வடிக்கறப்ப மட்டும் வழியில நின்னுச்சு, அப்புறம் எங்கயும் போகல.

வீடு வந்து நின்ற மனைக்குச் சொந்தக்காரரான சேகரன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

“யாரைக் கேட்டு இங்க வந்துச்சு?”

“எங்களையே கேக்கலைங்க சார்” என்றாள் அஞ்சலை.

சேகரன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். காவேரி எழுதியதை டீச்சரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“திரும்பிப் போற மாதிரி எழுதலையா?”

“இல்ல சார். அங்கயே முடிச்சிருக்கா.”

அப்படியென்றால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி, முனிராஜையே மனைக்குக் காவலாக வைத்துக்கொண்டார். மின்வாரியத்தார் வந்து கம்பி இழுத்தார்கள். குப்பை வண்டி அங்கும் நின்றது. காவேரி இப்போது நான்காம் வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதுகிறாள்.

இந்த வருடம் ஜூடித் டீச்சர் வாசித்துக் காட்ட வேறோர் எழுத்தாளரை எடுத்திருக்கிறார். அவருடைய புத்தகங்களில் எல்லாம் கடல் வரும். பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகளிடம் ஒரு துண்டும் மாற்று உடுப்பும் கொடுத்தனுப்பச் சொன்னார். எல்லோரும் கொடுத்தனுப்பினார்கள்.