அடிக்கட்டை

கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே கயெம்பா பெரியப்பா கத்தினார்: "வெந்நீர் எங்கேடா? வறண்ட மண்டையில இழுத்து ரத்தம் வந்தா அப்புறம் என்னைச் சொல்லாதீங்க!"

சிமியு வாளியை எடுத்துக்கொண்டு அடுக்களைக் குடிசைக்கு நடந்தான். கூட்டத்தை விட்டு ஒரு நிமிஷம் விலகக் கிடைத்ததே பெரிய விஷயம். அண்ணன் பராசாவைப் புதைத்து இன்று மூன்றாம் நாள். வீட்டார் எல்லாருக்கும் தலை மழிக்க வேண்டும். அப்படியே, செத்தவன் எப்படிச் செத்தான் என்பதையும் எல்லார் முன்னாலும் பேசித் தீர்த்துவிட வேண்டும். பேச்சு எங்கே சுற்றி எங்கே வரும் என்று சிமியுவுக்குத் தெரியாதா என்ன?

கரும்பு லாரிக்கு அண்ணன் டிரைவர், இவன் கிளீனர். ஜாக்கிக்கு அடியில் கொடுக்கிற கட்டை லாரியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது கிளீனர் பொறுப்பு. மழைக்காலத்தில் புங்கோமா வட்டாரத்து மண் களியாகக் கிடக்கும். அடியில் கட்டை கொடுக்காமல் பாரம் ஏற்றினால் ஜாக்கி அப்படியே மண்ணுக்குள் இறங்கிவிடும். அன்றைக்குப் பார்த்து, முழுப் பாரத்தோடு வயல் ஓரத்தில் டயர் வெடித்தது. சீட்டுக்குப் பின்னால் கையை விட்டால் கட்டையைக் காணோம்.

"வெச்சியாடா?"

"நேத்து சாயங்காலமே கழுவி வெச்சேண்ணே. சத்தியமா."

ஜாக்கிக்கு அடியில் கல் வைக்காதே, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதே, முட்டுக் கொடுத்துவிட்டுப் போ என்று ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவன் பராசா. பாழாய்ப்போன அவசரம். ஆலை வாசலில் வரிசை நீண்டுகொண்டிருந்தது. தட்டையாக ஒரு கல்லைப் பொறுக்கி வந்து வைத்தான். சிமியு எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. வண்டியைத் தூக்கிவிட்டு, அடியில் மாட்டியிருந்த ஸ்டெப்னியைக் கழற்ற உள்ளே ஊர்ந்தான். கல் இரண்டாகப் பிளந்தது.

வைத்தேன், வைத்தேன் என்று சிமியு தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். யாரும் நம்பவில்லை. கேட்டவர்கள் உதட்டைப் பிதுக்கப் பிதுக்க, நிஜமாகவே வைத்தோமா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அடுக்களையில் அண்ணி நெகேசா மட்டும் இருந்தாள். தலையில் துணி சுற்றியிருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. மூன்று கல்லின் மேல் பெரிய சட்டி. அடியில் ஈர விறகு எரியமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் சுடலை தம்பி. உக்காரு."

உட்கார்ந்தான். அவள் நெருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏதோ ஜாக்கி சாமானை நீ மறந்துட்டேன்னு பொம்பளைங்க பேசிக்கிறாங்க. நெஜமா? நான் இருக்கிற இருப்புல எதையும் சரியாக் காதுல வாங்கலை. நீயே சொல்லு."

"இல்லண்ணி. நான்..."

சொல்ல வந்தவனின் கண் சுவர் மூலையில் போய் நின்றது. சாம்பல் அப்பிய ஒரு துண்டு மரம். பாதி எரிந்தது. எரியாத பக்கத்தில் கிரீஸ் ஊறிய கறுப்பு. நடுவில் ஜாக்கியின் கால் வருஷக்கணக்காக அழுத்தி அழுத்தி உண்டான வட்டக் குழி.

அப்பாடா! முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம்தான். நான் வைத்தேன். நான் பொய் சொல்லவில்லை. எழுந்து போய் அதைத் தூக்கிப் பெரியப்பா மடியில் போட்டு, "இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்க வேண்டும்போல் கை பரபரத்தது.

அவன் பார்வை போன பக்கம் அவளும் பார்த்தாள். "அதுவா? நல்லாத்தான் எரிஞ்சுது. ஆனா புகை தாங்கலை, வெளிய இழுத்துப் போட்டுட்டேன். அவர் கடைசியாப் போனதுக்கு முந்தின ராத்திரி பூரா மழை பாரு, காலையில ஒரு சுள்ளிகூடப் பத்தலை. உங்கண்ணன் வெறும் வயித்தோட கிளம்பப் பார்த்தார். லாரியில சீட்டுக்குப் பின்னால இது கிடந்துச்சு. எடுத்து வெச்சு ஒரு டீ போட்டுக் குடுத்தேன்."

எழப் போன சிமியு மறுபடி உட்கார்ந்தான்.

"ரெண்டு டம்ளர் குடிச்சார், தம்பி. நல்லா இருக்குடீன்னார். இத்தனை வருஷத்துல அவர் வாயில இருந்து அப்படி ஒண்ணு வந்ததில்லை. சூடா ஒரு டீயாவது என் கையால குடிச்சுட்டுப் போனாரேன்னு நெனச்சுத்தான் உசுரைப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்."

அவன் எழுந்தான். அந்தத் துண்டை எடுத்துச் சட்டிக்கு அடியில் நடுத்தணலில் செருகினான். குனிந்து ஊதினான்.

"அய்யோ, புகையும்டா!"

"புகையட்டும் அண்ணி. தண்ணி சுடணுமில்ல."

தீ பிடித்து வட்டக் குழி இருந்த இடம் தெரியாமல் போகிறவரை அங்கேயே குந்தியிருந்தான்.

வெந்நீரோடு திரும்பியபோது கூட்டம் நெருங்கி உட்கார்ந்திருந்தது. நெகேசாவும் பின்னாலேயே வந்து பெண்களோடு உட்கார்ந்தாள். அவள் வராமல் இருந்திருக்கலாம் என்று சிமியுவுக்குப் பதறியது.

பெரியப்பா கத்தியைத் தண்ணீரில் நனைத்தார். "வா, உக்காரு. தலையில கத்தி வைக்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடு. சீட்டுக்குப் பின்னால வெச்சேன், வெச்சேன்னு சத்தியம் பண்றே. வெச்சது எங்கே போகும்? காலு முளைச்சு நடந்து போச்சா? அந்தக் கட்..."

"பொய் பெரியப்பா!"

கத்தி அந்தரத்தில் நின்றது.

"நான் வைக்கலை. மறந்துட்டேன். பயத்துல பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன். இனிமே அந்தப் பேச்சே வேண்டாம், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

ஒரு கிழவி ஓவென்று அழுதாள். பெரியப்பா கத்தியைத் துடைத்து மடக்கினார். "நீ நடுங்குற நடுக்கத்தைப் பார்த்து, பாவம், பையன் நெஜம் சொல்றானோன்னுகூட நெனச்சேன்டா. எழுந்திரு. உனக்கு இந்தக் கத்தி இல்ல. இந்த வீட்டுல இடமும் இல்ல."

நெகேசா எழுந்து நேராக அவன் முன்னால் வந்தாள். இத்தனை நாளாகத் தொங்கிப்போயிருந்த தோள் நிமிர்ந்திருந்தது.

"பக்கத்துல உக்காந்து பேசினேனேடா, அப்பக்கூடச் சொல்லலையே. என் பிள்ளைங்க மூஞ்சியில முழிக்காதே. போ."

"சரி அண்ணி."

சட்டைகள் இரண்டையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு அவன் படலைத் தாண்டினான். பாதையில் கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் நெகேசாவின் குரல் கேட்டது. சாவு விழுந்த நாளிலிருந்து ஒரு வாய் சாப்பிடாதவள், பிள்ளைகளுக்கு உகாலிக் களி போட்டாயிற்றா என்று யாரையோ அதட்டிக் கேட்டாள். பிறகு, தனக்கும் கொஞ்சம் போடச் சொன்னாள்.