முப்பத்தெட்டுக்கு மேல்

அச்சகத்தில் அவருக்குக் 'கால்புள்ளி' என்று பெயர். மெய்ப்புத் திருத்துபவர். முப்பது வருடமாக அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்தே குடும்பம் நடத்தியவர். மனைவியின் கீமோ சிகிச்சைக்காக மருத்துவமனையில் கொடுத்த துண்டுப் பிரசுரம் கைக்கு வந்ததும், படிப்பதற்கு முன்பே சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டார். 'காய்ச்சல் மாத்திரைக் கொடுக்க வேண்டாம்' என்ற வரியில் வேண்டாத 'க்'கை அடித்தார். ஏன் கொடுக்க வேண்டாம் என்பது இரண்டாம் முறை படித்தபோதுதான் மண்டையில் ஏறியது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கிருமி உள்ளே குடிபுகுந்தால், அதைக் காட்டிக்கொடுப்பது காய்ச்சல் ஒன்றுதான். மாத்திரை அந்தக் காய்ச்சலையும் மறைத்துவிடும். அன்றோடு அவருடைய நிம்மதி போயிற்று.

மூன்றாம் சுற்று முடிந்து இன்று ஒன்பதாம் நாள். மற்ற தொல்லைகளை இருவருமாக ஒருவழியாக மேய்த்துக்கொண்டிருந்தார்கள். வாய்ப்புண்ணுக்கு வேளாவேளைக்கு உப்புத் தண்ணீர். குமட்டல் மாத்திரை சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு. எதைத் தின்றாலும் இரும்பை நக்குவது போலிருக்கிறது என்று அவள் சொன்னதால் எவர்சில்வர் கரண்டிக்கு ஓய்வு, பிளாஸ்டிக் கரண்டிக்குப் பதவி உயர்வு. முடி கொட்டியபோது, "சீப்புக்கு லீவு விட்டாச்சு" என்று அவள்தான் சிரித்தாள். அவர்தான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

மாலை நாலு மணிக்கு அவள் கூப்பிட்டாள்.

"என்னங்க, உடம்பு லேசா கணகணன்னு இருக்கு."

"காய்ச்சலா?"

"காய்ச்சல்லாம் இல்ல. சும்மா கணகணப்பு."

வாய் முழுக்கப் புண் என்பதால் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தார். அது 'பீப்' என்று கத்தியது. 38.0.

பிரசுரத்தை எடுத்தார். '38 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் உடனே அழைக்கவும்.' மேல். முப்பத்தெட்டு அதில் அடக்கமா, இல்லையா? அடக்கம் என்றால் '38 அல்லது அதற்கு மேல்' என்றல்லவா போட்டிருக்க வேண்டும்? பேனாவை எடுத்து 'மேல்' பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார். 37.9. இன்னும் பத்து நிமிடம். மீண்டும் 38.0.

உண்மையில் அது இலக்கணச் சந்தேகமே இல்லை. போன் செய்தால் அதற்குப் பெயர் காய்ச்சல். செய்யாதவரைக்கும் வெறும் கணகணப்பு.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து சேர்ந்தார். அவளுடைய அண்ணன். கம்பெனி கம்பெனியாகப் போய்த் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர்; வீட்டுக்குள்ளும் மைக் இருக்கிற மாதிரியே பேசுவார். முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு, அறை வாசலில் நின்றபடி ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, வியாதி உடம்புல இல்ல. மனசுலதான் இருக்கு."

"மனசுல இருந்தா மார்பை எதுக்குண்ணா அறுத்தாங்க?" என்றாள் அவள், போர்வைக்குள்ளிருந்து. "மாஸ்க்கை மேல ஏத்து முதல்ல. தாடைக்கு ஒண்ணும் தொத்தாது."

மச்சான் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டார். ஆனாலும் அடங்கவில்லை. பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். "இதுல ஒண்ணு போட்டா அரைமணில சூடு இறங்கிடும். இதுக்குப் போய் ஆஸ்பத்திரிய கூப்பிட்டுட்டு..."

கால்புள்ளியின் கை நீண்டது. அது என்ன மாத்திரை என்று அவருக்குத் தெரியும். கொடுக்கக் கூடாது என்பதும் தெரியும். ஆனாலும் 'இறங்கிடும்' என்ற வார்த்தை தேனாக இருந்தது. முப்பத்தேழாகிவிட்டால் எந்த 'மேலு'ம் இல்லை. போனும் இல்லை. அட்டையை வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குகிற கணக்கு டீச்சர், போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

"முப்பத்தெட்டுக்கு மேல்னா, முப்பத்தெட்டு சேருமா?" என்று அவளிடமே கேட்டார்.

"கணக்குல சேராது," என்றாள். பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "நான்தாங்க ஆஸ்பத்திரில சேரணும். குளிருது. போன் போடுங்க."

அட்டை கீழே விழுந்தது. போன் எடுத்த நர்ஸிடம் அப்போதும் அவர், "சிஸ்டர், உங்க நோட்டீஸ்ல 'மேல்'னு..." என்று தொடங்கினார்.

"எத்தனாவது நாள் சார்?"

"ஒன்பது. குளிர் நடுக்கம் வேற."

"மாத்திரை எதாவது குடுத்தீங்களா?"

"இல்ல."

"குடுக்காதீங்க. இப்பவே கிளம்புங்க. நோட்டீஸை அப்புறம் பாக்கலாம்."

மச்சான்தான் கார் ஓட்டினார். வழி நெடுக ஒரு பொன்மொழிகூட வரவில்லை. பின்சீட்டில் அவள் தலை கால்புள்ளியின் தோளில் கொதித்தது.

அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்தார்கள். டிரிப் ஏற்றினார்கள். ஒரு நர்ஸ் படிவத்தோடு வந்தாள். "எப்ப ஆரம்பிச்சது?"

"இப்பதான் சிஸ்டர், கொஞ்ச..." என்று மனைவி முந்திக்கொண்டாள், அவரைப் பார்க்காமலே.

"நாலு மணிக்கு," என்றார் கால்புள்ளி. "நாலே முக்காலுக்குத்தான் நான் போன் பண்ணேன். முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். அத எழுதிக்கோங்க."

நர்ஸ் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவள் எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான். ரத்த அழுத்தம் பார்த்த இன்னொருத்தி ஏதோ எண் சொன்னாள், அதையும் இவள் எழுதினாள்.

"அது நல்ல நம்பரா சிஸ்டர்?"

"ரிப்போர்ட் வரட்டும் சார். வெளிய உக்காருங்க."

வெளியே பெஞ்சில் மச்சான் இருந்தார். "மாப்பிள்ளை, அந்த மாத்திரைய நான்..." என்று இழுத்துவிட்டு நிறுத்தினார். கால்புள்ளி அந்த வாக்கியத்தை முடித்துக்கொடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தார்.

கதவு திறந்தபோதெல்லாம் இருவரும் சேர்ந்தே எழுந்தார்கள். உள்ளிருந்து வேறு யாரையோ கூப்பிட்டார்கள். சேர்ந்தே உட்கார்ந்தார்கள்.