அலறலுக்குச் சொந்தக்காரர்

1

இந்தக் கதையை நான் திருடினேன் என்றால் அது பாதி உண்மை. அமெரிக்காவின் மஸ்கீகன் நகரில் என் வீட்டுச் சமையலறை பிளக் பாயிண்டைச் சரிசெய்ய வந்த எலக்ட்ரீஷியன் ஆர்லன் கோவாச், வேலை முடிந்தும் கிளம்பாமல் காபியைக் குடித்துக்கொண்டே சொன்னது இது. யாரிடமும் சொல்லாதே என்றார். எழுதாதே என்று சொல்லவில்லை.

முதல் தொடக்கம்: "1966இல் நான்கு பையன்கள் ஒரு கார் கொட்டகையில்..."

(அடித்துவிட்டேன். அந்த வருடம் எந்தக் கொட்டகையைத் திறந்தாலும் நான்கு பையன்கள் இருந்தார்கள்.)

2

ஆர்லன் இருந்த பான்டூன்ஸ் என்ற இசைக்குழு வெளியிட்டது ஒரே இசைத்தட்டு. முந்நூறு பிரதி. பாட்டின் நடுவே பாடகன் ட்வைட் பெல்கி ஓர் அலறல் அலறுகிறான். முதல் தடவை கேட்டபோது கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டேன்.

கிட்டத்தட்ட ஐம்பது வருடம் அதை யாரும் சீண்டவில்லை. போன வருடம் சிகாகோ கம்பெனி ஒன்று அதைத் தொகுப்பில் சேர்த்தது. பங்க் என்ற முரட்டு ராக் இசைக்குப் பெயர் வைப்பதற்குப் பத்து வருடம் முன்பே பங்க் பிறந்த சத்தம் என்று உறையில் அச்சடித்தது. வார்ப்பட ஆலையில் முப்பத்தொரு வருடம் மாடாய் உழைத்து ஓய்ந்த ட்வைட்டுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த அலறலைப் போடவைத்தது ஆர்லன்.

3

அக்காலத்து ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ஒரு சின்ன விசை இருக்கும். அது தப்பான பக்கம் இருந்தால் கித்தார் கம்பியில் மின்சாரம் கசியும். கித்தாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் தீர்ந்தது. அதனால் பாடுமுன் கம்பியை மைக்கில் தொட்டுப் பார்ப்பார்கள். பொறி பறந்தால் விசையை மாற்றிப் போடுவார்கள்.*

ஒலிப்பதிவு அன்று ட்வைட்டும் தொட்டுப் பார்த்தான். பொறி வரவில்லை. பிறகு தேவாலயப் பாடகர் குழுவில் நிற்பவன்போல் பவ்யமாகப் பாடினான். பாஸ் கித்தார் வாசித்துக்கொண்டிருந்த ஆர்லனுக்கு எரிச்சல். பாட்டின் நடுவில் ட்வைட்டின் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு விசையைத் தட்டிவிட்டான்.

"கொஞ்சம் சுள்ளுன்னு இருக்கும்னு நினைச்சேன், அவ்வளவுதான்" என்றார் என்னிடம். ட்வைட் அந்த அலறலோடு டிரம்ஸ்மேல் போய் விழுந்தான். உதடு வெந்து, ஒரு வாரம் உறிஞ்சுகுழலில் சாப்பாடு.

* இதைப் படித்து யாரும் முயன்று பார்க்க வேண்டாம். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

4

போன வாரம் ட்வைட் அந்தப் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆர்லன் வீட்டுக்கு வந்தார். (பதினெட்டு வயதில் 'அவன்'. அறுபத்தெட்டில் 'அவர்'.) சனிக்கிழமை பிற்பகல் தீயணைப்பு நிலையக் கூடத்தில் அவர் கச்சேரி. சிகாகோவிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள்.

"அஞ்சு வாரமா கத்திப் பாக்கறேன்டா. அது மட்டும் வரமாட்டேங்குது. பக்கத்து வீட்டு நாய்தான் பதிலுக்குக் குரைக்குது."

"வயசாயிடுச்சு. உன்ன யாரு கத்தச் சொன்னா?"

"அதைக் கேக்கத்தானே வர்றாங்க. இங்க பாரு, அன்னிக்கு எனக்கு ஷாக் அடிச்சுது. இந்தப் பெட்டியில ஏதோ கோளாறு. நீ எலக்ட்ரீஷியன். அந்தக் கோளாறு திரும்ப வர்ற மாதிரி பண்ணிக்குடு."

பெட்டியில் எந்தக் காலத்திலும் கோளாறு இருந்ததில்லை.

"உன் நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்குடா" என்று மட்டும் சொன்னார்.

"ஒரு தடவைதானே."

"செத்துடுவ."

"ஆலையில முப்பத்தொரு வருஷம் சாகாம இருந்தேன். ஒருத்தனாவது கையெழுத்துக் கேட்டானா?"

நான்தான் தட்டிவிட்டேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஆர்லன் சொன்னது, "சனிக்கிழமைக்குள்ள பாக்கறேன்."

5

முடிவு அ: ஆர்லன் உண்மையைச் சொல்கிறார். ட்வைட் பெட்டியின் முதுகு விசையைத் தொட்டு, "அப்ப அது என்னோடது இல்லியா" என்று

(இங்கே நின்றுவிட்டது.)

முடிவு ஆ: ஆர்லன் மறுத்துவிடுகிறார். மேடையில் ட்வைட் கீச்சென்று கத்துகிறார். கூட்டம் மரியாதைக்குக் கை தட்டுகிறது.

முடிவு இ: ட்வைட்டின் உதடு மைக்கில் படுகிறது.

நேற்று மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். முதல் முடிவு இரண்டு வரி. அடுத்தது மூன்று வரி. கடைசி முடிவு, உங்களுக்கு முழுதாகக் காட்டாதது, மூன்று பக்கம். ஐந்து தடவை திருத்தியிருக்கிறேன். முழங்கால் எப்படி மடிகிறது, கூட்டம் எத்தனை நொடி அதைப் பாட்டு என்று நம்புகிறது, எல்லாம் இருக்கிறது. அந்த மனிதர் என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி உயிரோடு இருக்கிறார்.

6

இன்று சனி. காலையில் ஆர்லன் போன் செய்தார்.

"நீ எழுதுறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எப்படி முடிச்சிருக்க?"

"இன்னும் முடிக்கல."

"சீக்கிரம் முடி. அவன்கிட்ட சொல்ல எனக்குத் துணிச்சல் இல்ல. மாட்டேன்னு சொல்லவும் வாய் வரல. நீ எழுதின மாதிரியே செஞ்சுடறேன்."

உண்மையைச் சொல்லிவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நொடியில் எனக்கு நினைவு வந்தது ட்வைட் இல்லை, அந்த மூன்று பக்கம். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். என் காதாலேயே கேட்டேன், அப்படித்தான் சொன்னேன்.

பிறகு மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

(பொய். மேசை இழுப்பறையில் இருக்கிறது.)

கச்சேரிக்கு இன்னும் ஒரு மணி நேரம். போன் மறுபடி அடிக்கிறது. ஆர்லன்தான். நான் எடுத்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

நீங்கள் எடுங்கள்.