தெருமுனையில் இறங்கியவர்

இறந்து கிடந்த தம்பியின் வலது கை விரல்களைப் பெரியவர் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: தம்பி மனைவி, தம்பி மகள், தம்பி வேலை பார்த்த குடிநீர் அலுவலகத்தின் மேலாளர், எதிர்வீட்டுத் தையல்காரி, பிறகு ரேடியோ மாமா. தூரத்துச் சொந்தமான அவர், எந்த வீட்டில் எது நடந்தாலும் முதலில் தெரிந்துகொண்டு, தெரிந்ததற்கு மேலும் ஒரு பங்கு சேர்த்துச் சொல்வார். அதனால் வந்த பெயர் அது.

விரல் நுனிகளில் கறுப்பு ஏறியிருந்தது. சோப்பு போட்டும் போகவில்லை. பெரியவர் போர்வையை இழுத்து அந்தக் கையை மூடினார்.

"ஆபீஸ் மையா சார்?" என்றார் மேலாளர்.

"ஆமா."

மேலாளருடைய அலுவலகத்தில் மை ஒழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ரேடியோ மாமா மூடிய கையைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், எழுந்து வெளியே போனார்.

தம்பி தன் வீட்டு நாற்காலியில் செய்தித்தாள் படித்தபடியே போய்விட்டான் என்று பெரியவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். போனில் கேட்டவர்களிடமும் அதையே சொன்னார். கூடத்தில் இருந்தவர்களில் அவருக்கும் தம்பி மனைவிக்கும் மகளுக்கும்தான் உண்மை தெரியும். தம்பி இறந்தது டயர் கடையில்.

அவர்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசியதில்லை. தம்பியின் கார்தான் உரக்கப் பேசியது. காய்கறி வாங்கவும் மகளைக் கல்லூரியில் விடவும் வாங்கிய சாதாரண நாலு கதவுக் கார். அதைத் தரையோடு தரையாக இறக்கி, புகைக்குழாயை மாற்றி, அகலச் சக்கரம் போட்டு, தெருவில் நுழைந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும்படி ஆக்கி வைத்திருந்தான். தலை நரைத்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி வயதுப் பையன்களோடு டயர் கடையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, எந்த ரப்பர் மிருது, எது சீக்கிரம் தேயும் என்று வாதாடுகிறவன். கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு இது என்ன கூத்து என்று பெரியவர் கேட்டதுண்டு. தம்பி சிரிப்பான். பதில் சொல்லமாட்டான்.

தம்பி மனைவி அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அத்தான், நடந்ததச் சொல்லிடலாமே."

"எதுக்கு?"

"நேத்து அவரு லீவு போட்டிருந்தாரு. காலையில நான் ஸ்கூல்ல பாடம் நடத்திட்டு இருந்தேன். வீடு பூட்டிக் கெடந்தது. தையல்கார அம்மாவே பாத்திருக்காங்க."

"பாத்தா பாக்கட்டும். நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் எவனும் டயர் கடையில செத்ததில்ல."

அவள் அவரையே பார்த்தாள். "இப்ப ஒருத்தர் செத்துட்டாரே அத்தான்."

அவர் நாற்காலிகளை எண்ணுவதுபோல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்து ரேடியோ மாமாவின் குரல் கேட்டது. கிசுகிசுப்புதான். ஆனால் அவருடைய கிசுகிசுப்பு அடுத்த தெருவுக்கும் எட்டும்.

"வீடு பூட்டியிருக்கு, ஆளு உள்ள நாற்காலியில செத்திருக்காருன்னா எப்படிய்யா? சாவித் துவாரம் வழியா நுழைஞ்சாரா? இது வேற வெவகாரம். வேற வீடு. பொம்பள சமாச்சாரம். பெரியவரு மூடி மறைக்கறாரு. கையக்கூட மூடிட்டாரு, பாத்தீங்கல்ல?"

தம்பி மகள் அதைக் கேட்டாள். அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டாள். பெரியவருக்கு அந்த நிறுத்தம்தான் தாங்கவில்லை.

அப்போது தெருவின் மறுகோடியில் அந்தச் சத்தம் எழுந்தது. எல்லோரும் திரும்பினார்கள். தம்பியின் கார் வந்துகொண்டிருந்தது. தையல்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

பெரியவர் செருப்புகூடப் போடாமல் இறங்கி நடந்து, வீட்டுக்கு வெகு முன்னாலேயே கையைக் காட்டி நிறுத்தினார். ஓட்டி வந்தவர் டயர் கடைக்காரர். துவைத்து மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார்.

"இங்கயே விட்டுட்டுப் போங்க."

"சரிங்க சார். சாவிய யார்கிட்ட..." கடைக்காரர் அவரை உற்றுப் பார்த்தார். "நீங்கதான் அண்ணனா?"

"ஆமா. ஏன்?"

"முதுகு இப்ப எப்படி இருக்கு சார்?"

பெரியவருக்குப் புரியவில்லை.

"உங்களுக்குத்தானே முதுகு ஆகாது? நேத்து அதத்தான் சொல்லிட்டு இருந்தாரு. அவருக்கு ஒரு டயர் மேல ரொம்ப நாளா கண்ணு சார். காஞ்ச ரோட்டுல பசை மாதிரி பிடிக்கும். ஆனா பக்கச்சுவர் ஒல்லி. சின்னக் கல்லு மேல ஏறினாலும் உக்காந்திருக்கறவன் எலும்புல தெரியும். அது இப்பத்தான் வந்து எறங்குச்சு. எடுத்துத் தடவிப் பாத்தாரு. மடியில வச்சுக்கிட்டாரு, கொழந்தை மாதிரி. பசங்கல்லாம் சிரிச்சாங்க. அப்புறம் கீழ வச்சுட்டு, 'வேணாம்பா, அண்ணன் இடையிலயே எறங்கிட்டாரு'ன்னாரு."

பெரியவர் காரின் மேற்கூரையில் கை வைத்தார். வெயிலில் சுட்டது. எடுக்கவில்லை.

போன மாதம் ஒருநாள், வேறு வண்டி கிடைக்காமல், அந்தக் காரில் ஏறினார். தெருமுனை வந்ததும் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். 'முதுகுல இடிக்குதுடா, நான் நடந்தே வர்றேன்' என்றார். அவருடைய முதுகுக்கு ஒன்றும் இல்லை. அந்த வண்டியிலிருந்து, தன் தெருவில், நாலு பேர் பார்க்க இறங்க மனமில்லை. அவ்வளவுதான். தம்பி அன்று நடையின் வேகத்துக்கே காரை உருட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தான். அது இன்னும் மோசமாக இருந்தது.

"இதத்தான் போடச் சொன்னாரு." கடைக்காரர் குனிந்து முன்சக்கரத்தைக் காட்டினார். "பக்கம் கொஞ்சம் உசரம். குலுக்காது. மழையிலயும் விடாது. வேகத்துல அந்த அளவு வராது, அது அவருக்கும் தெரியும். ரெண்டு சக்கரம் மாட்டி முடிச்சோம். நாற்காலியில சாஞ்சு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. நாங்க தூங்குறாருன்னு நெனச்சோம் சார்." சற்று நின்று சொன்னார்: "மீதி ரெண்டையும் இன்னிக்குக் காலையில நானே மாட்டினேன். அரைகுறையா அனுப்ப மனசு வரல."

பெரியவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

"உள்ள வாங்க" என்றார். "வந்து அவனப் பாருங்க."

தம்பியை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியது. மேலாளர் தன் பெரிய வெள்ளைக் காரின் கதவைத் திறந்து பிடித்தபடி, "சார், நீங்க இதுல வாங்க" என்றார். அதற்கு முன்னாலேயே அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள். பெரியவர் அதைத் தாண்டி நடந்தார். தம்பி மகளிடம் சாவியை நீட்டினார்.

"நீ ஓட்டுவியா?"

"அப்பா சொல்லிக் குடுத்திருக்காரு பெரியப்பா. ஆனா சத்தம்..."

"தெரியும். ஓட்டு."

அந்தக் காரில் நிமிர்ந்தபடி ஏற முடியாது. தலையைக் குனிந்து, முதுகை வளைத்து, கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கித்தான் உட்கார வேண்டும். எல்லோரும் பார்க்க அவர் அப்படி இறங்கினார். பின்னால் தம்பி மனைவி ஏறிக்கொண்டாள். கார் அதிர்ந்து கிளம்பியது. தெருவின் மேடுபள்ளங்கள் எதுவும் முதுகுக்கு எட்டவில்லை.

தெருமுனையில் நாலைந்து பேர் நடுவே ரேடியோ மாமா நின்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். காரின் சத்தம் கேட்டதும் கை நின்றது.

"இங்க நிறுத்தும்மா" என்றார் பெரியவர்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "எறங்கப் போறீங்களா?"

"இல்ல."

கண்ணாடியை இறக்கினார். ரேடியோ மாமா குனிந்தார்.

"அவன் எந்தப் பொம்பள வீட்டுலயும் சாகல" என்றார் பெரியவர். "வீட்டு நாற்காலியிலயும் சாகல, அது நான் சொன்ன பொய். டயர் கடையில செத்தான். காருக்கு டயர் பாத்துக்கிட்டிருந்தான்."