தமிழ் முறை வந்த ஞாயிறு

பாடையோடு ஆண்கள் தெருமுனை திரும்பியதும் லீலா வாளித் தண்ணீரை வீசி வீட்டைக் கழுவினாள். அம்மா பவுனைக் கிடத்தியிருந்த இடத்தில் சரசா அத்தை விளக்கேற்றி வைத்தாள். லீலா தலைக்கு ஊற்றிக்கொண்டு வருவதற்குள் தெருப் பெண்கள் ஈரக் கூந்தலோடு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள். மூலையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அங்கே போர்வை போர்த்திய டிவி இருந்தது.

ஊரைவிட்டு வடக்கே வந்த தமிழர்கள் குடியிருந்த ஏரவாடாவில் அந்தத் தெருவுக்கே இருந்த டிவி அது ஒன்றுதான். இன்று மத்தியானம் தமிழ்ப் படம்.

ஞாயிறு சாயங்காலம், நாடே விழித்திருக்கும் நேரம், இந்திப் படத்துக்கு. மற்ற பாஷைகளுக்கு உண்ட மயக்கத்து மத்தியானம், அதுவும் வாரம் ஒரு பாஷையாக முறை வைத்து. டில்லியில் உட்கார்ந்து எவன் இப்படிப் பங்கு பிரித்தான், யாரைக் கேட்டான் என்று, குடும்பத்தில் முதல் பி.ஏ.வான லீலா கத்துவாள். பவுன் கத்தமாட்டாள். அசாமியப் படமோ ஒரியாப் படமோ, விடாமல் பார்த்து, கதையைத் தானே கட்டிப் பக்கத்திலிருப்பவளுக்கும் சொல்லுவாள். போன தடவை தமிழ் முறை வந்தபோது டில்லியில் ஒரு பெரிய மனிதர் செத்துப்போனார். படத்தை எடுத்துவிட்டு நாளெல்லாம் சோக வாத்தியம் வாசித்தார்கள். அடுத்த ஞாயிறு முறை தெலுங்குக்குப் போய்விட்டது. "நம்ம நாளு பாத்தா சாவணும்?" என்று பவுன் முணுமுணுத்தாள்.

இந்தத் தடவை வீடு வீடாகப் போய் அழைத்துவிட்டு வந்தாள். தமிழ் தெரியாத பக்கத்து வீட்டு காசிம் பாயின் மனைவியைக்கூட விடவில்லை. இன்று விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பவுன் எழவேயில்லை.

லீலா போர்வையை இழுத்தாள்.

"இன்னாடி பண்ற? சாவு வூடு" என்று அத்தை எழுந்துவிட்டாள்.

"தெரியும். அம்மா கூப்ட்ட ஜனம் வந்து உக்காந்துனு கீது."

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இன்னிக்கி வுட்டா எல்லா பாஷையும் சுத்தி வந்துதான் நமக்கு. ஒரு தபா டில்லிக்காரன் நிறுத்தினான். இந்தத் தபா நானே நிறுத்தணுமா அத்தை?"

தன் அண்ணன் வந்து பார்த்தால் என்ன ஆகும் என்றாள் அத்தை. லீலாவுக்கும் அந்தப் பயம்தான். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் அணைத்துவிடுகிறேன் என்று சொல்லி, சத்தத்தைக் குறைத்துப் போட்டாள்.

பெட்டிக்குள்ளிருந்து யாரோ தமிழில் ஒருவனைத் திட்டினார்கள். பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, பயந்து விளக்கைப் பார்த்தாள். அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெளியே செருப்புச் சத்தம். ஆற்றில் முழுகிய ஈர வேட்டியோடு ஆண்கள் திரும்பிவிட்டார்கள். லீலாவின் கை டிவிப் பொத்தானுக்குப் போயிற்று. அப்பா சின்னதுரை கால் கழுவி உள்ளே வந்தார். விளக்கைப் பார்த்துக் கும்பிட்டார். டிவியைப் பார்த்துவிட்டு லீலாவிடம் கேட்டார்.

"போட்டு ரொம்ப நேரமாச்சா?"

"இப்பதாம்ப்பா."

சுவரோரப் பெண்கள் நெருங்கி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்கள். வாசலில், மற்ற ஆண்கள் ஒவ்வொருவராகக் கால் கழுவத் தொடங்கினார்கள்.