பிரேக் ஆயில்

பெங்களூரில் இன்ஜினியராக இருக்கும் என் மகன் ஃபிராங்க்ளின் அங்கே ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினான். சிவப்பு. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. அப்பனும் ஆத்தாளும் உயிரோடு இருக்கிறவன் இரண்டு சீட்டு வண்டியை எதற்கு வாங்குவான் என்று எனக்குப் புரியவில்லை. எவனோ ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்டதை இவன் பளபளப்பைப் பார்த்து வாங்கியிருக்கிறான்.

அந்த வண்டியில்தான் ஆத்தாளைச் சேலத்துக்குக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக எங்கள் ஊர் இண்டூருக்கு வந்தான். என் வீட்டுக்காரி ஞானமேரிக்கு ஒரு கண் முன்னமே போய்விட்டது. மிச்சக் கண்ணிலும் புரை. ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். "எம்மவன் கார்ல போறேன்" என்று கோயிலில் பூசை முடிந்து ஒவ்வொருத்தியிடமும் சொல்லிவைத்திருந்தாள். பஸ்ஸில் கூட்டிப்போகிறேன் என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன், அப்போதெல்லாம் காது கேட்காதவள் மாதிரி இருந்தவள்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்கினான். முகம் சரியில்லை.

"டேஷ்போர்டுல ரெண்டு லைட் எரியுதுப்பா."

"லைட்டுன்னா எரியத்தான செய்யும்."

"இது எரியக் கூடாத லைட்டு."

ரோட்டோரம் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் இத்ரீஸைக் கூப்பிட்டான். அவன் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"என்ன மாமா, வூட்டு முன்னால பெரிய தக்காளி காச்சிருக்குது."

"அறுத்துப் பாரு. உள்ளாற புழுதான் இருக்கும்" என்றேன்.

இத்ரீஸ் உள்ளே உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினான். டேஷ்போர்டு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக எரிந்தது. "இப்ப எல்லாம் எரியணும். ஸ்டார்ட் பண்ணுனா எல்லாம் அணையணும். எது அணையலையோ அங்கதான் கோளாறு" என்றான். ஸ்டார்ட் செய்தான். பேட்டரி படம் போட்டது ஒன்றும், வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டது ஒன்றும் அப்படியே நின்றன.

பானெட்டைத் தூக்கினான். பெல்ட் தொளதொளவென்று இருந்தது. இழுத்து முறுக்கியதும் பேட்டரி லைட் அணைந்தது. மற்றது அணையவில்லை. ஹேண்ட் பிரேக்கை ஏற்றி இறக்கிப் பார்த்தான். அப்போதும் எரிந்தது. பிறகு மூலையில் இருந்த ஒரு சின்ன டப்பாவை டார்ச் அடித்துப் பார்த்தான்.

"பிரேக் ஆயில் இறங்கியிருக்குதுங்க. சக்கரத்தைப் புடிச்சி நிறுத்துற பேடு தேஞ்சிருக்கும், அதை மாத்தணும். இந்த வண்டிக்குப் பேடு இங்க கிடைக்காது. இப்போதைக்குப் பிரேக் ஆயில் ஊத்துனா மெதுவாச் சேலம் போய்ட்டு வந்துரலாம். ஜும்மா முடிச்சிட்டு தர்மபுரி போயி, சீல் பிரிக்காத டப்பாவா ஒண்ணு வாங்கியாரேன்."

அவன் தலை மறைந்ததும் ஃபிராங்க்ளின் சிரித்தான். "கொஞ்சூண்டு ஆயிலுக்குத் தர்மபுரி போவானாம். இழுத்தடிக்கிறதுக்கு ஒரு சாக்குப்பா."

அது என் பேச்சு. மெக்கானிக், வக்கீல், உரக்கடைக்காரன் ஒருத்தனையும் நம்பாதே என்று சின்ன வயசிலிருந்து அவனுக்குச் சொல்லி வளர்த்தேன். காட்டை வேண்டாம் என்றான், மாட்டை வேண்டாம் என்றான். இந்தப் புத்தியை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

டிராக்டருக்கு வாங்கி வைத்திருந்த ஆயில் கேனை எடுத்துவந்தான். "வேற ஆயிலா இருக்கப் போவுதுடா" என்றேன்.

"ஆயில்னா ஆயில்தாம்ப்பா."

ஊற்றினான். லைட் அணைந்தது. ஞானமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். அவன் இத்ரீஸுக்குப் போன் போட்டு, "நீங்க வர வேணாம் பாய், சரியாப் போச்சு" என்றான். எதிர்முனையில் அவன் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். "தரையில பாய் போட்டு உக்காந்த மாதிரி இருக்குது" என்று அவள் உள்ளேயிருந்து சிரித்தாள். எனக்குத்தான் சீட்டு இல்லையே, வாசலில் நின்றேன்.

சேலம் போகிற வழியில் தொப்பூர் மலை இறக்கத்தில் பிரேக் கல்லு மாதிரி ஆகிவிட்டதாம். சக்கரத்தில் புகை. அப்புறம் மிதித்தால் ஒரேயடியாக உள்ளே போயிருக்கிறது. பின்னால் லாரிகள். மலைப்பக்கம் ஒதுக்கி, பாறையில் உரசி உரசி நிறுத்தியிருக்கிறான். அவளுக்கு நெற்றியில் வீக்கம். அதோடு போயிற்று. நேரத்துக்குப் போய்ச் சேராததால் ஆஸ்பத்திரியில் அவள் இடத்தில் வேறு ஆளைப் படுக்க வைத்துவிட்டு, அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே ரோட்டில் நிற்கும்போது ஃபிராங்க்ளின் இத்ரீஸின் சட்டையைப் பிடித்தான்.

"தப்பான ஆயில் ஊத்துனதுல பிரேக்குக்குள்ள ரப்பர் பூராவும் ஊதிப்போச்சுன்னு சேலத்து மெக்கானிக் சொல்றான். எங்கம்மா செத்திருப்பாங்க. நீதானே ஆயில் ஊத்தச் சொன்ன?"

"பிரேக் ஆயில்னு சொன்னேங்க. டப்பா வாங்கியாரேன்னும் சொன்னேன். நீங்க எதை ஊத்துனீங்க? மாமா பக்கத்துலதான நின்னாரு, கேளுங்க."

"அப்பா, நீங்களே சொல்லுங்க. வெறும் ஆயில்னுதானே சொன்னான்?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். இத்ரீஸ் மேல் எனக்கு ஒரு பிரியமும் கிடையாது. என் கிணற்று மோட்டாரைச் சரிசெய்கிறேன் என்று பாழாக்கினவன். ஆனால் காதில் விழுந்ததை விழவில்லை என்று எப்படிச் சொல்வது?

"பிரேக் ஆயில்னுதான் சொன்னான். டிராக்டர் ஆயிலை ஊத்துனது நீ."

"இன்ஜினியர் சாரு காருல கலப்பை மாட்டிருந்தா ஓடிருக்கும்" என்று கூட்டத்தில் ஒருத்தன் சொன்னான். சிரித்தார்கள். ஃபிராங்க்ளின் இத்ரீஸின் சட்டையை விட்டான். என்னை ஒரு பார்வை பார்த்தான். வீட்டுக்குள்கூட வராமல் பெங்களூர் பஸ் ஏறிவிட்டான். அதற்கப்புறம் என் போனை எடுப்பதில்லை. ஆத்தாள் போனையும் எடுப்பதில்லை.

அடுத்த மாதத் தேதி வந்தது. "கெளம்பு, பஸ்ல போலாம்" என்றேன்.

"எம்மவன் வருவான்."

"வரமாட்டான்."

"ஊருக்கு முன்னால புள்ளைய வுட்டுக் குடுத்தவரு நீங்க. உங்க கையைப் புடிச்சிக்கிட்டு நான் எங்க வர்றதுங்க?"

அந்தத் தேதியும் போயிற்று. ஆஸ்பத்திரியில் இன்னொரு தேதி கேட்டு வாங்கினேன், அதற்கும் அசையவில்லை. இப்போது சாப்பிட உட்கார்ந்தால் தட்டைக் கையால் தடவித் தேடுகிறாள். பொறுக்காமல் நான் தட்டைக் கிட்டே நகர்த்தி வைத்தால், நகர்த்தினது நான் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, பழைய இடத்துக்கே தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் தேடுகிறாள்.